ஹோர்ட்டன் சமவெளியைக் காப்பது யார் பொறுப்பு?

கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் அமைந்துள்ள ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளிகளும் முகிற்காடுகளும் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீரூட்டுகின்றன. மூதூர் விவசாயியின் வயலும் கொழும்புவாசியின் குடிநீரும் அம்மேட்டு நிலத்தில் தங்கியுள்ளன என்பதை மறந்துவிடலாகாது.

5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடலாகாதென 1873 இல் ஜோசப் ஹூக்கர் அறிவுறுத்தியிருந்தார். ஆயினும் 1960களில் அங்கு உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. பின்னர் அது நிறுத்தப்பட்டு, 1988 இல் அப்பிரதேசம் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டபோதிலும், உழப்பட்ட நிலத்திற்குக் காடு முழுமையாகத் திரும்பவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த கோர்ஸ் முட்செடி புல்வெளியை ஆக்கிரமிக்கின்றது. காட்டு மரங்களோ நின்றவாறே பட்டுப்போகின்றன. மண்ணின் குறைபாடு, நீர்ப் பற்றாக்குறை எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன.

இந்நிலையில் வெப்பம் உயருமாயின் முகில் படியும் மட்டமும் மேலெழும். மூடுபனியிலிருந்து நீரைப் பெறும் இக்காடுகள் ஒதுங்குவதற்கு அதற்கு மேல் மலை இல்லை.

உலக வெப்பத்தை இச்சிறு நாடு தனித்துத் தணிக்க முடியாது. ஆனால் தீயைத் தடுப்பதும், கோர்ஸ் செடியை அகற்றுவதும், அழிந்த காட்டை மீள நடுவதும் எமது கைகளிலேயே உள்ளன. காலநிலையைக் காரணங்காட்டி அக்கடமையைத் தட்டிக்கழிப்பது எவ்வகையிலும் ஏற்புடையதல்ல.