12 பாயிண்ட் கையும் 12 லட்சம் பேக்கேஜும்



வாரன் பஃபெட், பில் கேட்ஸ் ரெண்டு பேருமே விரும்பி ஆடுற சீட்டாட்டம் ஒண்ணு இருக்கு. பேரு காண்ட்ராக்ட் பிரிட்ஜ். காசு வெச்சு சீட்டாடச் சொல்லி இந்தப் பதிவு இல்ல, பயப்படாதீங்க. வந்த சீட்டை பிரிட்ஜ்ல மதிப்பிடுற முறை இருக்கு பாருங்க, அது மாசச் சம்பளக்காரங்க எல்லாருக்கும் தெரியணும்ங்கிறது என் கருத்து.

நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்கார்றவங்க ஒரு ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. எத்தனை பிடி எடுப்போம்னு முதல்ல ஏலம் கேட்கணும், சொன்னதை அப்புறம் ஆடிக் காட்டணும்.

பாயிண்ட் மட்டும் போதாது

ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1. மொத்தக் கட்டுக்கும் 40 பாயிண்ட், ஆளுக்குச் சராசரி 10. ஜோடிக்கு 25, 26 இருந்தா 'கேம்' கேட்கலாம். 33 இருந்தா 12 பிடி எடுக்கிற ஸ்லாம்.

இப்ப ரெண்டு கையைப் பாருங்க.

முதல் கை:
ஸ்பேடு: கிங், ஜாக், 5, 4
ஹார்ட்டின்: குயின், ஜாக், 3
டைமண்ட்: கிங், 6, 2
கிளாவர்: குயின், 7, 2

இரண்டாவது கை:
ஸ்பேடு: ஏஸ், கிங், 10, 9, 8
ஹார்ட்டின்: ஏஸ், ஜாக், 10, 9, 6
டைமண்ட்: 7, 3
கிளாவர்: 4

ரெண்டுமே 12 பாயிண்ட்தான். ஆனா நல்லா ஆடுறவங்க ரெண்டாவதைத்தான் எடுப்பாங்க. நீளமான ரெண்டு ஜாதி, ரெண்டு ஏஸ். இதுக்காகத்தான் 1940-களின் கடைசியில சார்லஸ் கோரன் ஒரு கணக்கைப் பரப்பினார்: ஒரு ஜாதியில ரெண்டே சீட்டுன்னா 1, ஒண்ணுன்னா 2, ஒண்ணுமே இல்லன்னா 3 கூட்டிக்கணும். அப்படிப் பார்த்தா ரெண்டாவது கை 15.

பேக்கேஜும் இப்படித்தான். ரெண்டு பேருக்கும் வருஷம் 12 லட்சம். ஒருத்தர் சொந்த வீட்டுல இருந்து ஆபீஸ் போறார். இன்னொருத்தர் வாடகை, கல்விக் கடன், தங்கச்சி படிப்பு எல்லாம் பார்க்கிறார். பேக்கேஜ் ஒண்ணு, கை வேற.

நாலு கையும் தெரிஞ்சா யாரும் மேதைதான்

பிரிட்ஜ் புத்தகங்கள்ல ஆட்டத்தைப் படமா போடுவாங்க. மேல வடக்கு, கீழ தெற்கு, ரெண்டு பக்கமும் மேற்கு, கிழக்கு. 52 சீட்டும் கண்ணு முன்னாடி இருக்கும். அதைப் பார்த்துட்டு "இந்த ஏலத்தைப் போய்க் கேட்டாங்களே"ன்னு சிரிக்கிறது சுலபம். ஆனா ஏலம் கேட்டப்ப அவங்களுக்குத் தெரிஞ்சது 13 சீட்டும், மத்தவங்க ஏலத்துல கிடைச்ச தகவலும்தான்.

ஒரு கிங் எந்த எதிராளிகிட்ட இருக்குன்னு நம்பி ஆடுறது ஃபினெஸ். பொதுவா 50% வாய்ப்பு. ரெண்டு ஃபினெஸ்ல ஒண்ணு பலிச்சாலே போதும்னா 75%. அது அருமையான ஏலம். ஆனாலும் நாலுல ஒரு தடவை தோற்கும். தோத்ததால அது தப்பான ஏலம் ஆயிடாது.

"அந்த ஷேரை அப்பவே வாங்கியிருந்தா..."ன்னு வர்ற ஸ்கிரீன்ஷாட் எல்லாமே நாலு கையும் திறந்த படம்தான். அதைப் பார்த்து எஸ்ஐபி-யை நிறுத்திட்டு ஆப்ஷன்ஸ் பக்கம் போறவங்க நிறைய பேர். ஒருத்தருக்கு லாட்டரி மாதிரி விழுந்த லாபத்தால அது நல்ல முடிவு ஆயிடாது. மார்க்கெட் இறங்கின வருஷத்துல உங்க எஸ்ஐபி தப்பும் ஆயிடாது.

யாரோட ஒப்பிடணும்?

பிரிட்ஜ் போட்டிகள்ல டூப்ளிகேட்னு ஒரு முறை. ஒரே சீட்டை எல்லா மேசையிலயும் ஆட வைப்பாங்க. உங்க இடத்துல உட்கார்ந்து அதே கையை ஆடினவங்களோடதான் உங்க ஸ்கோரை ஒப்பிடுவாங்க. கை மோசமா இருந்தாலும் மத்தவங்களைவிடக் குறைவா தோத்தா நீங்கதான் முன்னாடி.

வாழ்க்கையில நம்ம கையோட இன்னொருத்தர் கிடையாது. அதனால போன வருஷ நீங்களோட இந்த வருஷ உங்களை ஒப்பிடுங்க.

அடுத்த முதலீட்டுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. ஏன் போடுறேன், எவ்வளவு போனா தாங்குவேன், எப்ப இந்தப் பணம் வேணும்னு நாலு வரி எழுதி, தேதி போட்டு வையுங்க. ஒரு வருஷம் கழிச்சு லாப நஷ்டத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அந்தத் தாளைப் படிங்க. மார்க் போட வேண்டியது அதுக்குத்தான்.

உங்க கை எப்படி? கமெண்ட்ல சொல்லுங்க.