பாலைவன நதியில் படகு விடலாமா?

அமெரிக்காவின் தென்மேற்கே வறண்ட பூமி. அதைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது கொலராடோ நதி. கிராண்ட் கேன்யன் என்ற மாபெரும் பள்ளத்தாக்கில் அது பாறைகளில் மோதி, நுரைத்துப் பாய்கிறது. அங்கே ரப்பர் படகில் போக ஆசைப்படுவோர் ஏராளம்.

ஆசைப்பட்டால் போதுமா? சீட்டு விழ வேண்டும்! சொந்தமாகப் போகிறவர்களுக்குக் குலுக்கல் முறையில்தான் அனுமதி. 2006-க்கு முன்பு, பெயரைப் பதிந்துவிட்டுப் பத்து ஆண்டுக்கு மேலும் காத்திருந்தார்கள். இப்போது ஒருவர் ஆண்டுக்கு ஒரு தடவைதான் போகலாம். ஒரு கோஷ்டியில் 16 பேருக்கு மேல் கூடாது.

லீஸ் பெர்ரியில் படகேறினால், 226 மைல் தள்ளி டயமண்ட் கிரீக்கில்தான் மறுபடி மோட்டார் வரும் பாதை. இரண்டு வாரச் சாப்பாடு, மருந்து எல்லாம் படகிலேயே போக வேண்டும். மலத்தைக்கூடப் பெட்டியில் அடைத்து வெளியே கொண்டுவர வேண்டும். முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் கரை சுத்தமாக இருப்பது இதனால்தான்!

1869-ல் ஒற்றைக் கை வீரர் பவல், பத்துப் பேர் கொண்ட குழுவுடன் இந்த நதியில் இறங்கினார். கடைசிவரை வந்தவர்கள் ஆறே பேர்தான். அன்று நதி தன் இஷ்டப்படி ஓடியது.

அணை வைத்ததே சட்டம்

1963-ல் கிளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டன. அதன்பின் அணை விடுவதுதான் தண்ணீர். நகரங்களுக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் நீர் கூடும். மற்ற நேரத்தில் குறையும். நதி தினமும் ஏறி இறங்கும். ராத்திரி தண்ணீரில் கட்டிய படகு, காலையில் மணலில் உட்கார்ந்திருக்கும்!

இப்போது அந்த அணைக்கே ஆபத்து. 2000 முதல் நீண்ட வறட்சி. 2023 பிப்ரவரியில் அணையின் பவல் ஏரியில் கால் பங்கு நீர்கூட இல்லை. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 3,490 அடிக்குக் கீழே போனால் மின்சாரம் எடுக்க முடியாது.

காரணம் வறட்சி மட்டுமல்ல. 1922-ல் ஏழு மாநிலங்களுக்கு நதியைப் பங்கு போட்டார்கள். அது நல்ல மழைக் காலம். வருகிற நீரைவிட அதிகமாக எழுதிவிட்டார்கள்! சுமார் 4 கோடி ஜனங்கள் இந்த நீரை நம்பியிருக்கிறார்கள். வறட்சியைச் சமாளிக்க 2007-ல் வகுத்த விதிகளுக்கும் 2026 முடிவு வரைதான் ஆயுள்.

அந்த 1922 ஒப்பந்தத்தில் படகுக்காரருக்கு ஒரு சொட்டும் ஒதுக்கவில்லை. கலிபோர்னியா, அரிசோனா, நெவாடா மாநிலங்களுக்குப் போகிற நீரில்தான் படகு மிதக்கிறது. அவர்கள் பங்கு குறைந்தால், பள்ளத்தாக்கில் பாறைதான் தலைதூக்கும்.