புரவலர் யார்?

தம்பி! பொற்கிழி தந்த மன்னர்கள் மறைந்தனர். பரிசில் வேண்டிப் புகழ் பாடும் வழக்கம் மறைந்ததா?

அயர்லாந்தைப் பார்! 2022-ஆம் ஆண்டில் அந்நாட்டரசு கலைத்துறையினர் 2000 பேருக்கு வாரந்தோறும் 325 யூரோ வழங்க முற்பட்டது. 3 ஆண்டுச் சோதனைத் திட்டம். தகுதி பெற்ற விண்ணப்பதாரரோ 8000-க்கும் மேல். ஆதலின் குலுக்கல்! கலைஞனைச் சீட்டுக் குலுக்கியா தேர்வது என எள்ளுவோர் உண்டு. எள்ளட்டும்! குலுக்கலுக்கு முகத்துதி கேட்கத் தெரியாது. அமைச்சரின் மைத்துனன் யாரென்றும் தெரியாது. இன்னாரைப் பாடு, இன்னதைத் தீட்டு என்ற கட்டளையும் அப்பணத்தோடு வரவில்லை.

ஆயினும், சீட்டு விழாதவன் கலைஞன் அல்லனோ? அவன் வீட்டு வாடகைக்கு வழி என்ன? மானியம் தனியொரு கலைஞனைத் தாங்கும், ஐயமில்லை. எத்தனை பேரைத் தாங்கும் என்பதை வரவுசெலவுத் திட்டம் வகுப்போரிடம் கேட்போம், தம்பி!