நடுவழியில் நின்றுவிடும் பனிவண்டி

கனடாவின் வடபகுதியில் மாரிக்காலம் வந்துவிட்டால் ஏரியும் தரையும் ஒன்றாகிவிடும். முன்புறம் இரு சறுக்குக் கட்டைகளும் அடியில் சுழலும் ரப்பர்ப் பட்டையும் கொண்ட பனிவண்டியே அங்கே பலருக்குக் கால். அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்தியே. 1934-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பனி மூடிய பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றித் தம் சின்னஞ்சிறு மகனைப் பறிகொடுத்தவர் அவர். 1959-இல் அவர் செய்த சிறிய வண்டி, வட ஒன்ராறியோவில் பணியாற்றிய அமலமரித் தியாகிகள் சபைக் குருவானவர் மோரிஸ் விமே அவர்களிடம் சென்றது. நாய்கள் இழுத்த சறுக்குவண்டியின் இடத்தை இயந்திரம் பிடித்துக்கொண்டது. ஆயினும் நாய்கள் நடுவழியில் நின்றால் அதட்டலாம். இயந்திரத்தை அதட்டிப் பயனில்லை.

வீட்டிலிருந்து பல மைல் தொலைவில் வண்டி நின்று, மீண்டும் உயிர்பெற மறுத்தால் என்ன செய்வது? கயிற்றை மேலும் மேலும் இழுப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. அதுவே கேடு. இழுப்பவருக்கு வியர்க்கும், வியர்வை உள்ளாடையை நனைக்கும், ஓய்ந்து நின்றதும் அந்த ஈரமே உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். ஆகவே பத்து முறை இழுத்தும் பயனில்லையெனில் கையை நிறுத்திவிட்டுக் கண்ணுக்கு வேலை கொடுப்போம். கைப்பிடியிலுள்ள நிறுத்தும் பொத்தான் அழுந்தியிருக்கிறதா, ஓட்டுநரின் சட்டையோடு பிணைக்கும் பாதுகாப்புக் கயிறு கழன்றிருக்கிறதா, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அனுபவம் மிக்கவர்களும் இவற்றைத் தவறவிடுவதுண்டு.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். அது நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகப் பாய்ந்துவிட்டது, அல்லது தீப்பொறி எழவில்லை. சோக்கைப் பயன்படுத்தாமல், துடைத்த பிளக்கையோ புதிய பிளக்கையோ பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தியவாறு இழுத்தால் பெரும்பாலும் கிளம்பும்.

பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்பது பொருள். முதலில் டாங்கின் மூடியைத் திறக்கலாம். 'உஸ்' என்று காற்று உள்ளே புகுந்தால், காற்றுக்குழாயைப் பனிக்கட்டி அடைத்துவிட்டது என அறியலாம். அவ்வாறில்லையெனில் வடிகட்டியையோ குழாயையோ ஐயுறவேண்டும். அந்நாட்டுக் குளிரில் பெட்ரோல் உறைவதில்லை. அதில் கலந்த நீரே உறைகிறது. அரைகுறையாக நிரப்பிய டாங்கினுள் ஈரக்காற்று குளிர்ந்து துளிகளாகி அடியில் தங்குகிறது. எனவே டாங்கை நிறைத்து வைப்பதும், ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சிறிதளவு சேர்ப்பதும் அங்குள்ளோர் வழக்கம்.

இன்னொரு வகை நிறுத்தம் விந்தையானது. வண்டி நின்றுவிடும்; சிறிது நேரம் சும்மா விட்டால் தானே கிளம்பும்; பிறகு மறுபடியும் நிற்கும். ஈரமான மண்பானையில் நீர் குளிர்வதை நாம் அறிவோம். அதேபோலக் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள உலோகம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் தொண்டையில் பனிக்கட்டியாகப் படிகிறது. இஞ்சினின் சூடு அதனை உருக்கியபின் வழி திறக்கிறது. கடுங்குளிர் நாளைவிட, உறைநிலையை ஒட்டிய ஈரமான நாளிலேயே இது மிகுதி. கடுங்குளிர்க் காற்றில் ஈரம் குறைவன்றோ! குடுவையில் வெந்நீர் இருந்தால் துணியை நனைத்துக் கார்புரேட்டரின் வெளிப்புறத்தில் வைக்கலாம். தீக்குச்சியையோ தீப்பந்தத்தையோ அருகில் கொண்டுசெல்லலாகாது. எரிபொருளை மின்னணு முறையில் பீய்ச்சும் புதிய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. ஆனால் அவற்றிலும் பெட்ரோலில் நீர் கலக்கும், குளிரில் பாட்டரி சோரும்.

இவ்வளவும் செய்து பயனில்லையெனில், வண்டியருகிலேயே காற்று மறைவான இடத்தில் தங்கியிருப்பதே அறிவு. வெண்பனியில் தனி மனிதனைவிட வண்டி எளிதில் தேடுவோர் கண்ணில் படும். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் முன்னரே வீட்டில் சொல்லியிருப்பவரைத் தேடுவதும் எளிது. பழுது பார்த்த வண்டியை மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டுச் சோதிக்கவேண்டாம். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை.