நம் விளக்கில் நம் எண்ணெய்

கோடைக் காலத்தில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் வெகுவாகத் தாழும்போது, பண்ணவாடிப் பரிசல் துறைக்குச் செல்வோர் ஒரு காட்சியைக் காண்பர். பழைய கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் கோபுரம் நீருக்குள்ளிருந்து தலைகாட்டும். அதற்கு அண்மையிலேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் வெளிப்படும். 1934ஆம் ஆண்டு அணை திறக்கப்பட்டுக் காவிரி தேங்கியபோது, இவை இருந்த ஊர்கள் நீருக்குள் மறைந்தன. அங்கு வாழ்ந்த மக்கள் மேட்டு நிலங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பாத்திர பண்டங்களை எடுத்துச் செல்லலாம். ஆலயத்தை எடுத்துச் செல்ல முடியுமா? அவரவர் நெஞ்சில் இருந்த விசுவாசம் மட்டுமே அவரவரோடு சென்றிருக்கும்.

அன்புத் தோழியரே, நம்மையும் ஒரு நாள் இக்கேள்வி எதிர்கொள்ளும். நம் பள்ளியை நாம் விட்டுச் செல்லும்போது, நம்மோடு வரப்போவது எது?

இன்று நாம் மணியோசையின் நிழலில் வாழ்கிறோம். காலையில் மணி அடித்தால் செபம். நண்பகலில் மணி அடித்தால் மூவேளைச் செபம். முதல் வெள்ளி வந்தால் திருப்பலி. அக்டோபர் வந்தால் செபமாலை. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் கோடை விடுமுறை வந்ததும் என்ன நடக்கிறது? மறைக்காமல் சொல்வோம்: நம்மில் பலருடைய செபமாலை பெட்டிக்குள் உறங்குகிறது. ஞாயிறு திருப்பலிக்குக்கூட அம்மா இரண்டு முறை எழுப்ப வேண்டியிருக்கிறது. அப்படியானால் இதுவரை செபித்தது நாமா, மணியா?

குழந்தைப் பருவத்தில் நாம் திருமுழுக்குப் பெற்றபோது நமக்குப் பேச்சு வரவில்லை. பெற்றோரும் ஞானத்தாய் ஞானத்தந்தையரும் நம் சார்பில் விசுவாசத்தை அறிக்கையிட்டனர். வளர்ந்தபின், உறுதிபூசுதல் பெறும் நாளில் ஆயர் நம்மையே கேட்கிறார். நாமே பதில் சொல்கிறோம். அன்று முதல் நம் ஆன்ம வாழ்வுக்கு நாமே பொறுப்பு. ஆயினும் பதில் சொல்லிவிட்டு, புதுப் பாவாடையும் மெழுகுதிரியும் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு நாம் அதை மறந்துவிடுகிறோம்.

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன பத்துக் கன்னியரின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். விவேகமுள்ள ஐவரும் மற்ற ஐவருக்கு எண்ணெய் தர மறுத்தது சிறு வயதில் நமக்குக் கன்னெஞ்சமாகத் தோன்றியது. இப்போது புரிகிறது. பேனாவை இரவல் தரலாம். மதிய உணவைப் பங்கிடலாம். நேற்று நாம் செய்யாத செபத்தையும், அடக்காத கோபத்தையும், கேட்காத மன்னிப்பையும் தோழியிடம் கடன் வாங்க முடியாது.

‘எல்லாம் இறைவனின் அருளால் அல்லவா ஆகிறது? நம் முயற்சியால் ஆவதென்ன?’ என்று சிலர் கேட்கக்கூடும். நம் அணையையே பார்ப்போம். அதன் முழுக்கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதில் ஒரு துளியையும் அணை தானாக உண்டாக்கவில்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழை காவிரியாகவும் கபினியாகவும் ஓடி வருகிறது. அதுபோல அருள் மேலிருந்து வருவதே. ஆனால் சுவர் உறுதியாக நின்றால்தானே வந்த நீர் 120 அடி உயரத்துக்குத் தேங்கும்? சுவரைக் காப்பது நம் பொறுப்பு. தேங்கிய நீரும் அணைக்காக அன்று. ஜூன் மாதம் டெல்டா உழவரின் வயலுக்காக. தன் ஆன்மாவைப் பேணுவது தன்னலம் ஆகாது என்பதற்கும் இதுவே சான்று.

புனிதத்துவம் துறவியருக்கு மட்டும் உரியது என்று ஒதுங்கவும் நமக்கு வழியில்லை. அது எல்லாருக்கும் உரிய அழைப்பு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் தெளிவாகக் கூறியது. 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் குருவானவர் அல்லர். இல்லறத்தார், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1745இல் தாமே விரும்பித் திருமுழுக்குப் பெற்றார். சிறையிலும் சித்திரவதையிலும் அவரைச் செபிக்க அழைக்க எந்த மணியும் அடிக்கவில்லை. 1752இல் காற்றாடிமலையில் உயிர் துறக்கும்வரை அவர் உறுதியாக நின்றார்.

நாம் செய்ய வேண்டியது பெரிய காரியம் அன்று. இரவில் உறங்குமுன் ஐந்து நிமிடம் ஆத்தும சோதனை. ஒருவரும் சொல்லாமல் நற்செய்தியில் ஒரு பகுதி வாசித்தல். வகுப்போடு வரிசையில் நிற்பதால் அன்றி, நம் மனம் உறுத்துவதால் பாவசங்கீர்த்தனம் செய்தல். பேசாதிருக்கும் தோழியிடம் நாமே முதலில் பேசுதல். மார்கழிக் குளிரில் விடியுமுன் எழுந்து கோலமிட்டுக் கோயிலுக்குச் சென்று வரும் நம் இந்துத் தோழியரை எந்தப் பள்ளி மணி எழுப்புகிறது? அவர்களைப் பார்த்து நாம் சற்று வெட்கப்படுவதும் நல்லதே.

பெற்றோரே, கன்னியர் பள்ளியில் சேர்த்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் நீங்கள் முழங்காலிடுவதைக் கண்டே நாங்கள் கற்கிறோம். அருட்சகோதரிகளே, சில நாட்கள் மணி அடிக்காமல் எங்களைச் சோதித்துப் பாருங்கள்!

நாளை நம்மில் சிலர் சேலத்துக்கும் கோவைக்கும் சென்னைக்கும் படிப்புக்காகவும் வேலைக்காகவும் செல்வோம். விடுதி அறையில் ஞாயிறு காலை நம்மை எழுப்ப எவரும் இரார். அன்று நம் கால்கள் தாமே ஆலயத்தை நோக்கி நடக்குமாயின், நம் பள்ளி நமக்குச் செய்தது வீண் போகவில்லை. அந்த நாளுக்கான எண்ணெயை இன்றே நம் கையால் சேர்ப்போமாக!