உதியன்குளங்கரைக்கு லேசர் வேண்டியதில்லை

சிறு கல்லூரியில் கருவிகள் இல்லை, ஆகவே இளநிலை மாணவர்க்கு ஆய்வும் இல்லை என்னும் வாதம் அதிவேக இயற்பியலில் செல்லாது. 2023-இல் அகோஸ்தினி, கிரவுஸ், லூலியே மூவருக்கும் நோபல் பெற்றுத்தந்த அட்டோநொடித் துடிப்புகளை உண்டாக்க உயர்விலை லேசர் வேண்டும், மெய்தான். அவற்றின் கோட்பாட்டுக்கு அது எதற்கு? வலிய லேசர் புலம் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கிறது. புலம் திசைமாறியதும் அது திரும்பி மோதி உயர் ஆற்றல் ஒளியை உமிழ்கிறது. 1993-இல் கார்க்கம் விளக்கிய இப்படிமத்தில், திரும்பும் எலக்ட்ரானின் உச்ச ஆற்றல் பாண்டிரோமோட்டிவ் ஆற்றலைப்போல் 3.17 மடங்கு என்பதை நியூட்டன் விதி அறிந்த எவரும் கணக்கிட்டுவிடலாம். ஒற்றைப் பரிமாணச் சுரோடிங்கர் சமன்பாட்டையோ சாதாரண மடிக்கணினியே தீர்த்துவிடும். பைத்தானுக்குக் கட்டணமும் இல்லை.

ஆயினும் கேரளம் 2024-இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பில் ஆய்வுக்குரிய இடம் இறுதி ஆண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் வரையறை, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றோர்க்கே அந்தக் கதவைத் திறக்கிறது. மனப்பாடத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண் ஆய்வுத் திறனை எவ்வாறு அளக்கும்? (ஆய்வு செய்தறியாதவரிடம் ஆய்வார்வத்துக்குச் சான்று கேட்பது தனி வேடிக்கை.) உதியன்குளங்கரை மாணவரும் விதுராவின் ஐசர் நிறுவனமும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். மூன்றாம் பருவத்திலேயே ஒரு கணக்கீட்டுச் சிக்கலும், வாரம் ஒரு மணி நேரம் இணையவழியில் வழிகாட்ட ஓர் ஆய்வாளரும் அவருக்குக் கிடைக்க எந்தக் கட்டடமும் எழும்ப வேண்டியதில்லை.