நான்கு கிண்ணம் சாக்லேட் பால்

தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால், பிள்ளைகளின் கையில் பாடப் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, அருகில் சாக்லேட் பால் நிறைந்த கிண்ணம் ஒன்று இருந்தே தீரும். அதை அருந்தினால் உயரம் வளரும், நினைவாற்றல் பெருகும் என்றெல்லாம் விளம்பரங்கள் கூறுகின்றன. பெற்றோரும் நம்புகின்றனர். நமக்கு அறிமுகமான தாய் ஒருவர், வீட்டுவேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைப்பவர், நாள்தோறும் வாங்கிவந்த அரை லிட்டர் பாலைக் கால் லிட்டராகக் குறைத்து, மிச்சமான பணத்தில் பொடி டப்பா வாங்குவதாகச் சொன்னார். “பால் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பொடி இல்லாமல் பையன் எப்படி வளருவான்?” என்பது அவர் வாதம். இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொள்ள அவ்வொரு சொல்லே காரணம்.

ஆகவே, நண்பர்கள் இல்லத்துப் பெரியவர்களும் சிறுவர்களும் சூழ, நான்கு வகைச் சாக்லேட் பாலைச் சுவைத்துப் பார்த்தோம். எந்தக் கிண்ணத்தில் எது என்பது கலக்கியவருக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொன்றுக்கும் இடையே வாயைத் தண்ணீரால் கொப்பளித்துக்கொண்டோம். இல்லையேல் முன்னதன் இனிப்பு பின்னதைப் புளிப்பாகக் காட்டிவிடும்.

முதலாவது, கடையில் குப்பியில் கிடைப்பது. குளிர்ச்சியாகக் கொடுத்தபோது சிறுவர் அனைவரும் இதற்கே முதலிடம் தந்தனர். அதே குப்பியை ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் கொடுத்தோம். இருவர் முகம் சுளித்தனர். ஒருவன் பாயசம் என்றான்! குளிர்ச்சி நாவின் இனிப்புணர்வை மழுங்கச் செய்யும். ஆதலால் குளிரவைத்துக் குடிக்கும் பானத்திற்குச் சர்க்கரை கூடுதலாகத் தேவைப்படுகிறது. குளிர் நீங்கியதும் அந்த மறைவு வெளிப்பட்டுவிடுகிறது. மற்றொன்று: கோக்கோ பாலில் கரைவதில்லை, அடியில் படியும். குப்பியில் அது படியாதிருக்கக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரஜீனன் என்னும் பொருளைச் சேர்ப்பதுண்டு. நாவில் தட்டும் அந்தக் கொழகொழப்பைப் பாலின் கெட்டித்தன்மை என்று எண்ணிவிடலாகாது.

இரண்டாவது, டப்பாப் பொடி. இதன் மணம் உண்மையில் சாக்லேட்டின் மணமன்று. பார்லியை முளைகட்டி உலர்த்தி எடுக்கும் மால்ட்டின் மணமே அது. நன்றாகத்தான் இருந்தது, குறைசொல்வதற்கில்லை. பொடியில் இரும்புச் சத்தும் உயிர்ச்சத்துகளும் சேர்க்கப்படுகின்றன என்பதும் மெய்யே. ஆயினும் டப்பாவின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். சிலவற்றில் நூறு கிராம் பொடியில் சேர்க்கப்பட்ட சர்க்கரை மட்டுமே முப்பது கிராமைத் தாண்டுகிறது. அதன்மேல் வீட்டிலும் இரண்டு கரண்டி போடுகிறோம்! நாளொன்றுக்குச் சர்க்கரையை 25 கிராம் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்கு உட்பட வைத்துக்கொண்டால் மேலும் நன்மை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது பெரியவர்களுக்கு. சிறுவர்க்கு அதனினும் குறைவு. 2024 ஏப்ரலில் நடுவண் வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பின்கீழ் வைத்து விற்கலாகாதென இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை.

அந்தத் தாய்க்கு நாம் சொன்னதும் இதுதான். 200 மில்லி பாலில் ஆறு கிராமுக்குமேல் புரதம் உண்டு. ஒருவேளைக்குப் போடும் பொடியிலோ ஒன்றிலிருந்து மூன்று கிராம் வரைதான். பையனை வளர்ப்பது பால். பாலைக் குறைத்துப் பொடியை வாங்குவது, சோற்றைக் குறைத்து ஊறுகாயைக் கூட்டுவது போன்றது. “அப்படியானால் வெறும் பாலை அவன் தொடமாட்டானே?” என்றார். நியாயமான கேள்வி. விடை மூன்றாவது கிண்ணத்தில் இருந்தது.

அது இனிப்பில்லாத கோக்கோத் தூளை வீட்டிலேயே காய்ச்சியது. தூளிலும் இரு வகை உண்டு. இயல்பான தூள் வெளிறிய செந்நிறம், சற்றுப் புளிப்பு. காரம் சேர்த்துப் பதப்படுத்தியது கருநிறம், மென்மையான சுவை. இது ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார் 19-ஆம் நூற்றாண்டில் கண்ட முறை. பிள்ளைகளுக்கு இரண்டாவதே பிடித்தது. ஒரு கிண்ணத்திற்கு ஒரு தேக்கரண்டித் தூள் போதும். முதலில் இரண்டு கரண்டி வெந்நீரில் குழைத்து, பிறகு காய்ந்த பாலை ஊற்றி, இரண்டு நிமிடம் சிறுதீயில் வைக்க வேண்டும். குழைக்காமல் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். ஒரு சிட்டிகை உப்பு கசப்பைத் தணிக்கும். சர்க்கரை முதல் வாரம் இரண்டு கரண்டி, அடுத்த வாரம் ஒன்றரை, பின் ஒன்று. ஒரேயடியாகக் குறைத்தால் கிண்ணம் அப்படியே திரும்பி வரும். தென்மாவட்டத்து வாசகர்கள் கருப்பட்டி சேர்க்க விரும்பினால், பாலை அடுப்பினின்று இறக்கிய பின்பே சேர்க்கட்டும். கொதிக்கும் பால் திரிந்துவிடக்கூடும். ஆனால் கருப்பட்டியும் இனிப்புக் கணக்கில்தான் சேரும்.

நான்காவது, சாக்லேட் கட்டியைச் சீவிப் பாலில் உருக்கியது. சுவையில் இதுவே தலைசிறந்தது என்று பெரியவர்கள் அனைவரும் ஒப்புக்கொண்டோம். கிறிஸ்து பிறப்பு விழா இரவுக்கு ஏற்றது. அன்றாடச் செலவுக்குத் தாங்காது.

திருச்சபைக்கும் இப்பானத்திற்கும் பழைய உறவுண்டு என்பது பலர் அறியாதது. சாக்லேட் அருந்தினால் திருச்சபையின் நோன்பு முறியுமா என்று 17-ஆம் நூற்றாண்டில் பெரும் வழக்கே நடந்தது. அந்தோனியோ தெ லெயோன் பினெலோ என்பவர் இக்கேள்விக்கென்றே 1636-இல் மாட்ரிட் நகரில் ஒரு நூல் வெளியிட்டார். பானமாக அருந்தினால் முறியாது என்பது பின்னர் எழுதிய கர்தினால் பிரங்காச்சியோவின் முடிவு.

நம் வீடுகளில் எழும் கேள்வி வேறு. அதிகாலைத் திருப்பலிக்குப் புறப்படும் சிறுவனுக்கு ஒரு கிண்ணம் கொடுக்கலாமா? முன்னாளில் நள்ளிரவு முதல் ஒன்றும் உண்ணாதிருந்தே நற்கருணை வாங்கினோம். தண்ணீர் நோன்பை முறிக்காதெனப் பாப்பிறை 12-ஆம் பத்திநாதர் 1953-இல் தளர்த்தினார். 1964-இல் பாப்பிறை 6-ஆம் சின்னப்பர் ஒரு மணி நேரமாக்கினார். இன்றைய சட்டமும் அதுவே. தண்ணீரும் மருந்தும் தவிர எதுவாயினும், சாக்லேட் பால் உட்பட, நற்கருணைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கணக்கு திருப்பலியின் தொடக்கத்திற்கன்று, நற்கருணை வாங்கும் நேரத்திற்கு. ஆறு மணித் திருப்பலியில் ஆறரைக்கு நற்கருணை என்றால், ஐந்தரைக்குள் கிண்ணம் காலியாகட்டும். முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.